நாலு மூலை மஞ்சள்

சாமி அலமாரியைத் திறந்த நஞ்சுண்டன், அதை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். மூன்று மாதம் உயிரைக் கொடுத்து வரைந்த டிசைன், நாலு மூலையிலும் மஞ்சள் பூசிக்கொண்டு பிள்ளையார் காலடியில் மங்களகரமாகப் படுத்திருந்தது.

கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவலாம். வீட்டுப் பத்திரத்துக்குத் தடவுகிறவர்களும் நியூ ஜெர்சியில் உண்டு. நம்பர் பிளேட் டிசைனுக்கு யாராவது தடவுவார்களா? ஸ்வர்ணா தடவுவாள். கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கே தடவியவள் அவள். அது கிடைத்தும்விட்டதால், அதன் பிறகு வீட்டில் அவளை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை.

ஐசலினிலிருந்து இருபது நிமிஷ டிரைவில் இருக்கும் க்ளேபரி, ஒரு காலத்தில் செங்கல் சூளைகளால் பிழைத்த ஊர். இந்த 1998-ல் அதற்கு நூற்றிருபத்தைந்து வயது. அதைக் கொண்டாட, ஊரில் எல்லோரும் ஒரு வருஷத்துக்குக் காரின் முன்பக்கம் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு நினைவு நம்பர் பிளேட் போடப் போகிறார்கள். அதற்கு டிசைன் போட்டி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் டவுன் ஹாலில் கொடுத்துவிட வேண்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டு.

நஞ்சுண்டன் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற எஞ்சினியர். எட்டு வருஷமாக க்ளேபரிவாசி. இருந்தும் தபாலாபீஸிலும் முடிவெட்டுகிற இடத்திலும் "நீங்க எந்த ஊர்?" என்ற கேள்வி ஓயவில்லை. க்ளேபரி என்று சொன்னால், "அதில்லை, நிஜமா எந்த ஊர்?" என்பார்கள். இந்தப் போட்டியில் மட்டும் ஜெயித்துவிட்டால், கேட்கிறவனின் கார் மூஞ்சியிலேயே பதிலைக் காட்டிவிடலாம். அதற்காகத்தான் லைப்ரரியில் பழைய போட்டோக்களைப் புரட்டி, சூளை, புகைபோக்கி, செங்கல் வண்டி இழுத்த குதிரை, அந்தக் குதிரையின் வால் வரைக்கும் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தான்.

ஸ்வர்ணா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறவளை போனில் பிடிப்பது குதிரைக் கொம்பு. இன்னொரு காப்பி எடுக்கவும் வழியில்லை. நேற்று சாயங்காலம் இரண்டு காப்பி கேட்டதற்கு, பிரிண்டர் ஒன்றைத் துப்பிவிட்டு, மை இல்லையென்று விளக்கைச் சிமிட்டியது. ஸ்வர்ணா கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கடையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோலக் காதருகே ஆட்டினாள்.

"இன்னும் ஒண்ணுக்கு வரும்ங்க."

"மெஷின் பொய் சொல்லுதா?" என்று சிரித்துவிட்டு, அவன் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஹாலில் ஆன்ஸரிங் மெஷின் வேறு, யாரோ போனில் சேதி விட்டிருக்கிறார்கள் என்று மினுக்கிக்கொண்டிருந்தது. லாங் டிஸ்டன்ஸ் கம்பெனியை மாற்றச் சொல்கிற எவனாவது இருப்பான் என்று அவன் அதைச் சட்டைசெய்யவில்லை.

ஈரமான டிஷ்யூவால் ஒரு மூலையை மெதுவாகத் துடைத்தான். மஞ்சள் போகவில்லை, பக்கத்து இடத்துக்குக் குடிபெயர்ந்தது. போகிற வழியில் புகைபோக்கியின் கறுப்பையும் கூட அழைத்துக்கொண்டு போனது.

பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு பாலசுப்ரமணியனைக் கூப்பிட்டான். மருந்துக் கம்பெனியில் வேலை, கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம். மிச்சமிருந்த லீவைத் தீர்ப்பதற்காக வீட்டிலிருந்தவர், கையில் காபிக் கோப்பையோடு வந்து தாளைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ டென்ஷன்? பாத்திரம் கழுவுற சோப்பை லேசா தொட்டு வையுங்க நஞ்சுண்டன்."

"நிச்சயமா போயிடுமா சார்?"

"நான் பிஎச்.டி.ங்க."

நாலு மூலையிலும் சோப்பைத் தொட்டு வைத்தான். கண்ணெதிரே மஞ்சள் முழுக்க ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"அடடா," என்றார் பாலசுப்ரமணியன். "ஆல்கலி பட்டா மஞ்சள் செவந்துடும். மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டுத்தானே குங்குமமே பண்றாங்க."

"தெரிஞ்சுமா சார் சொன்னீங்க?"

"தெரியும். டயத்துக்கு ஞாபகம் வரலை. எலுமிச்சம்பழம் இருக்கா?"

"எதுக்கு?"

"ஆசிட் பட்டா பழையபடி ஆயிடும்."

பிழிந்தார்கள். சொன்னது சொன்னபடி பழைய மஞ்சள் திரும்பி வந்தது. ஆனால் மூலையில் பொட்டாக இருந்தது, இப்போது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சாறு படாத இடத்தில் சிவப்பு அப்படியே நின்றது. குதிரைக்கு ஒரு கால் மஞ்சள், ஒரு கால் சிவப்பு.

"பாத்தீங்களா, ரிவர்ஸிபிள் ரியாக்‌ஷன்," என்றார் பாலசுப்ரமணியன். அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"சார், தாள் தோசை மாவு மாதிரி ஆயிடுச்சு சார்."

"காய வெச்சா சரியாயிடும். அயர்ன் பாக்ஸ் எடுங்க."

தேய்க்கிற நேரம் பார்த்து போன் அடித்தது. "மெஷின் எடுக்கும் விடுங்க," என்று நஞ்சுண்டன் திரும்பிச் சொன்ன அந்த ஒரு நிமிஷத்தில், கையிலிருந்த அயர்ன் பாக்ஸ் தன் வேலையைக் காட்டிவிட்டது. தீய்ந்த வாசனை வந்தது. தாளின் கீழ்ப்பகுதி முழுக்கக் கருகல், நடுவில் அயர்ன் பாக்ஸின் மூக்கு.

பாலசுப்ரமணியன் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஸ்கூல் பிக்கப் இருக்கு நஞ்சுண்டன்," என்று கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

நாலேகால் வரைக்கும் நஞ்சுண்டன் அந்தத் தாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அழுகை வந்துவிடும்போல இருந்தது. பிறகு, பரீட்சை எழுதாமல் வீட்டில் இருந்துவிட்டான் என்ற பேர் மட்டும் வேண்டாம் என்று எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டான்.

டவுன் ஹாலில் மணி ஐந்தடிக்க ஏழு நிமிஷம் இருந்தது. கவுன்ட்டரில் நரைத்த தலையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்த மார்கரெட் தாளை வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"இதை எப்படிப் பண்ணினீங்க?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் மூன்று மாதம் படித்த படிப்பு முந்திக்கொண்டது.

"இந்த ஊர்க் களிமண் மஞ்சளா இருக்குமாம். நெருப்புல வெந்தா சிவக்கும். சூளையோட அடியில இருக்கிற கல்லு கருகிப்போகும்." கருகலைத் தொட்டுக் காட்டினான். "எல்லாமே க்ளேபரிதான்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது பொய்யில்லை என்பது அவனுக்கே உறைத்தது.

மார்கரெட்டும் கருகலை விரலால் தடவிப் பார்த்தாள். "எங்க அப்பா கடைசிச் சூளையில வேலை பார்த்தவர்," என்றாள் பிறகு. "அவர் சட்டை இந்தக் கலர்லதான் வீட்டுக்கு வரும்."

உள்ளே போய்த் தேர்வுக் குழுவையே கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேர். ஒருவர் புகை வழிந்திருந்த அழகைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னொருவர் மூலையைத் தேய்த்து, விரலில் ஒட்டிய மஞ்சளை வெளிச்சத்தில் பார்த்தார். "இதைத் தூக்கிச் சாப்பிட இனி ஒண்ணு வந்துடுமா?" என்றார் மூன்றாமவர். பிறகு மார்கரெட் பக்கம் திரும்பி, "இவர் எந்த ஊர்?" என்று கேட்டார்.

நஞ்சுண்டன் வழக்கமான பதிலுக்குத் தயாரானான்.

"நம்ம க்ளேபரிதான்," என்றாள் மார்கரெட், முகவரியைக்கூடப் பார்க்காமல்.

அந்த நிமிஷம் ஸ்வர்ணாவையும் அவள் மஞ்சளையும் பிள்ளையாரையும் ஏன், பாலசுப்ரமணியனின் பிஎச்.டி.யையும்கூட அவன் மன்னித்துவிட்டான்.

மார்கரெட் தாளின் மேல் ஐந்து மணி முத்திரையைக் குத்தினாள். பிறகு மேஜைக்கடியிலிருந்து ஒரு கவரை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"ஆளுக்கு ஒரு டிசைன்தான் மிஸ்டர் நஞ்சுண்டன். அதனால காலையில ஒன்பது மணிக்கு உங்க மனைவி உங்க பேர்ல குடுத்துட்டுப் போன இந்தச் சுத்தமான காப்பியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. இன்னொண்ணு சாமிக்கு வெச்சிருக்குன்னு அவங்க சொன்னப்போ, அதையும் கொண்டுவருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."