'சரி சார்' தவிர

"சரி சார்" என்ற இரண்டே சொல்லை வைத்து ஒரு மனிதனை இவ்வளவு அவமானப்படுத்த முடியும் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்றுவரை தெரியாது.

"கூடத்தை ஒரு சுத்து ஓடு."

"சரி... சார்."

"அந்தப் பையைக் கீழ வச்சுட்டு ஓடு."

"சரீஈஈ சார்."

சொன்னாளே தவிர, பையை வைக்கவில்லை. அகலமான, தட்டையான ஒரு துணிப்பை. அதைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கிள் வைத்த செருப்பு தடதடக்க, உலகத்திலேயே மெதுவான ஓட்டத்தை ஓடிக் காட்டினாள் அந்தப் பத்து வயதுப் பெண். மற்ற ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரருக்கும் கூடைப்பந்துக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. மனைவியின் அண்ணன்தான் சிறுமிகள் அணியின் பயிற்சியாளர். பந்து மூட்டையைத் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் மூன்று வாரம் மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டார். அரையிறுதிக்கு இரண்டே வாரம்.

"பதினோரு வருஷத்துல இப்பதான் மாப்பிள்ளை அரையிறுதி வரைக்கும் வந்திருக்கோம். ஏழு பேர்தான் இருக்காங்க. ஏழுல ஒண்ணு குறைஞ்சாலும் ஆடவே விடமாட்டாங்க. ஏழு பேரையும் அப்படியே கொண்டுபோய்ச் சேத்துடுங்க, போதும்" என்றார் மச்சான், கூரையைப் பார்த்தபடி.

"எனக்கு விளையாட்டே தெரியாதே மச்சான்."

"கடையில சாயங்காலம் ஈ ஓட்டறதுக்கு இதைச் செய்யலாம்ல?" என்றாள் மனைவி. அதோடு முடிந்தது பேச்சு.

மச்சான் ஒரு தாள் கொடுத்திருந்தார். அவர் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லையாம். சுருட்டை, ஒல்லி, மின்னல் என்று ஆறு பட்டப்பெயர்கள், பக்கத்தில் அப்பாக்களின் தொலைபேசி எண்கள். ஏழாவது எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு குறிப்பு: "வீம்பு. இடது கைக்காரி. அணியின் உயிரே இவள்தான். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். ஆரம்பத்திலேயே இடம் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பட்டப்பெயர் அவள் காதில் விழவே கூடாது."

முதல் நாள் கூடத்துக்குள் நுழைந்ததும் தலைகளை எண்ணினார். உள்ளே ஆறு. வாசலில் ஒன்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆக ஏழு. மச்சான் ஆளை அளந்துதான் எழுதியிருக்கிறார் என்று வியந்துகொண்டே விசிலை ஊதினார்.

"ஏய், உள்ள வா!"

"சார், நான் வந்து..."

"எதிர்த்துப் பேசாதே! எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கூடத்துக்குள்ள 'சரி சார்' தவிர வேற ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தா, வார்த்தைக்கு ஒரு சுத்து."

சுருட்டை கையைத் தூக்கினாள். "சார், அவ..."

"ரெண்டு வார்த்தை. ரெண்டு சுத்து."

அதற்குப் பிறகு யாரும் கையைத் தூக்கவில்லை. ஆகா, நமக்குள்ளும் ஒரு பயிற்சியாளன் இருந்திருக்கிறான் என்று கண்ணாடிக்கடைக்காரர் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்தப் பெண் "சரி சார்" சொல்லிச் சொல்லியே அவர் மானத்தை வாங்கினாள்.

மறுநாள் இடது கைப் பிரச்சினை வந்தது. பந்தைக் கொடுத்தால் வலது கையில் வாங்கினாள்.

"இடது கையால போடு."

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு வலது கையால் போட்டாள்.

இதுதான் வீம்பு! பிறவி இடது கைக்காரி, என்னைக் கடுப்பேற்றவே வலது கையால் போடுகிறாளே! அவருக்குக் காது மடல் சுட்டது. அவளுடைய வலது கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, "இப்பப் போடு பாக்கலாம்" என்றார்.

போட்டாள். பந்து கூடையின் பக்கமே போகவில்லை. சுவரில் பட்டுத் திரும்பி, நேராக அவர் மூக்குக் கண்ணாடியில் இறங்கியது.

ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர் ஒட்டு நாடா சுற்றிய கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார். மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கண்ணன் பதினோரு வருஷத்துல ஒரு குழந்தைகிட்டயும் அடி வாங்கினதில்ல."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடித்து விரட்டினால் ஏழு ஆறாகிவிடும். ஆறானால் மச்சானின் பதினோரு வருஷக் கனவு அவர் கையால் போயிற்று என்று ஆகும். அப்புறம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்கள் அவரைக் காட்டிக் காட்டிப் பேசுவார்கள். சாகும்வரை பேசுவார்கள்.

அவளுடைய அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாமென்றால் அந்த அம்மாள் வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமலேயே பெண்ணை இறக்கிவிட்டுப் பறந்துவிடுகிறாள். இவர் ஓடிப்போய்ப் பார்த்தால் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிகிறது. கடைசியில் தாளில் ஏழாவதாக இருந்த எண்ணைக் கூப்பிட்டார். அப்பா அச்சகத்தில் வேலை பார்ப்பவர் போலிருந்தது. பின்னால் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கூடைப்பந்துப் பயிற்சியாளர் மச்சினர் பேசறேங்க. பொண்ணு வீட்டுல எப்படி இருக்கா?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க! படுக்கையை விட்டு எழுந்திருக்கறதே இல்ல. தண்ணிகூட இருக்கற இடத்துக்கு வரணும். ஒண்ணு சொன்னா முகத்தைத் திருப்பிக்கறா."

"இங்கயும் அதேதாங்க!" என்று சொல்ல வந்தவர், பெற்ற மனம் நோகுமே என்று அடக்கிக்கொண்டார். "எப்போலேர்ந்து இப்படி?"

"எல்லாம் அந்த மாடிப்படி விஷயத்துக்கு அப்புறந்தான். டாக்டர் இன்னும் ஒரு மாசம் பொறுத்துத்தான் ஆகணும்னுட்டார்."

டாக்டரா? மாடிப்படியில் அந்தக் குழந்தை எதைப் பார்த்துப் பயந்ததோ! அதைக் கிளறவேண்டாமென்று பேச்சை மாற்றினார்.

"ஞாயித்துக்கிழமை போட்டி..."

"ஐயோ, அந்தப் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க சார், அழுதே தீத்துடுவா. உங்க மச்சான்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவரே படுத்துக் கிடக்கார். நீங்க இவ்வளவு அக்கறையா விசாரிச்சீங்களே, அதுவே போதும் சார்."

போனை வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வைத்தியம் பார்க்கிற குழந்தையையா சுற்றுச் சுற்றாக ஓடவிட்டோம்! கையையா முறுக்கிப் பிடித்தோம்!

அடுத்த நாள் முதல் எல்லாம் தலைகீழ். முதல் வேலையாக, கூடத்தின் மூலையில் மாடிப்படிக்குப் போகும் கதவைச் சாத்தி, பந்து அலமாரியை இழுத்து அதன்மேல் சாய்த்தார். படி அந்தக் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. மாடியிலிருந்து நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் அவள் காதில் விழாமலிருக்க விசிலை ஊதினார்.

அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். "நீ ஓடவேண்டாம்மா. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப விளையாடு" என்றார்.

"சரி சார்" என்றாள் அவள், முதல் முறையாக மரியாதையாக.

பிஸ்கட்டைப் பார்த்த ஒல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மின்னல் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் ஆறு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாற்காலி கேட்காமல் கேட்டார்கள். கேட்டால் வார்த்தைக்கு ஒரு சுத்தாயிற்றே!

"பொறுப்பைக் குடுத்தா எந்தப் பிள்ளையும் திருந்திடும்" என்று மனைவி யோசனை சொன்னாள். சரியென்று அந்தப் பெண்ணையே கேப்டன் ஆக்கினார். சட்டையில் பட்டையும் குத்திவிட்டார்.

"நீ கைய எப்படிக் காட்டறியோ, அப்படித்தான் எல்லாரும் செய்யணும். ம், காட்டு."

கேப்டன் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கையை வாசல் பக்கம் நீட்டினாள். ஆறு பேரும் "சரி கேப்டன்" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடிவிட்டார்கள். கேப்டன் பையோடு அலமாரிப் பக்கம் நடந்தாள். அவர் குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்மா! அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்! அங்க ஒண்ணுமே இல்ல!"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை வந்தது. அரையிறுதிக்கு ஒரே நாள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட படிவத்தை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். காலையிலேயே மச்சான் போன் செய்தார்.

"ஏழும் பத்திரமா மாப்பிள்ளை?"

"பத்திரம் மச்சான்."

"நம்ம வீம்பு எப்படி? உங்களுக்கு அடங்கிட்டாளா?"

"அ... அடங்கிட்டா."

"ஆச்சரியமா இருக்கே! உங்களை என்னமோன்னு நெனச்சேன். பரவால்ல மாப்பிள்ளை!"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மச்சான் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அது நிலைப்பது இப்போது ஒரு கையெழுத்தில் இருந்தது.

ஆறு பேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கட்டத்தைக் காட்டி அவளிடம் பேனாவை நீட்டினார். அவள் படிவத்தைப் படித்தாள். பேனாவைத் தொடவில்லை. தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"போட்டுடும்மா."

மறுபடியும் தலையாட்டல்.

கண்ணாடிக்கடைக்காரர் படிவத்தைக் கீழே வைத்தார். அப்படியே அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒட்டுப் போட்ட கண்ணாடி மூக்கில் கோணலாகத் தொங்கியது.

"கண்ணு, தப்பெல்லாம் என் பேர்லதான். முதல் நாளே உன்னை வாயைத் திறக்க விடாம அடக்கிட்டேன். இன்னையோட அந்த விதியெல்லாம் கிடையாது. உன் மனசுல என்ன இருக்கோ, இந்த மாமாகிட்ட பயப்படாம சொல்லு. எவ்வளவு வார்த்தை வேணும்னாலும் சொல்லு. எதுவா இருந்தாலும் நான் செஞ்சு தரேன். சத்தியம்."

அவள் அவரைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மாடிப்படி எந்தப் பக்கம் சார்? ஓவிய வகுப்புக்கு வழி கேக்கத்தான் அன்னைக்கு இங்க வந்தேன்."