காலிக் கட்டத்தின் அதிர்ஷ்டம்

சலவைக் கடையின் மாடி அறைக்கு உலக அதிசயம் ஒன்று வாடகைக்கு வந்திருந்தது. பெயர் எழுத்துச் சித்தர். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் உள்ள எழுத்துகளைப் பார்த்தே தலைவிதியைச் சொல்லிவிடுவார். பி.சி.ஜி.யா? புகழ், சிம்மாசனம், ஜெயம்! ஓ.பி.வி.யா? ஓங்கிய பெரிய வீடு! அட்டையில் அதைக் கிறுக்கிய மருத்துவருக்கே இந்த விஷயம் தெரியாது, பாவம்.

இஸ்திரிச் சூடு ஏறிவரும் மாடிப்படியில், இடுப்பில் மகளோடு வரிசையில் நின்றாள் தையல்காரி. பக்கத்துத் தெருவில் தட்டம்மை. மகளின் அட்டையிலோ "எம்.ஆர். 2" கட்டம் இன்னும் காலி. ஊசி போடத்தான் கிளம்பியிருந்தாள். ஆனால் சித்தர் போன வாரமே எச்சரித்திருந்தார்: காலிக் கட்டம் அதிர்ஷ்டம் நுழையும் கதவு, அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி மூடிவிட்டால் எவராலும் அதில் எழுத முடியாது. உறை ஒட்டும் இயந்திரம் அவரிடமே இருந்தது. தற்செயல்தான்.

"அண்ணி, புள்ளைக்கு ஊசி வேணாம், அட்டைக்குச் சட்டையா?" என்றாள் பின்னால் நின்ற நாத்தனார்.

"சும்மா இருடி. அவரு பேரைக்கூடக் கேக்காம சொல்றாரு."

"கேக்க மாட்டாரா? அப்ப ரொம்ப நல்லது."

பெயர் உள்ள மேல்பகுதியை மடித்துத்தான் நீட்ட வேண்டும். பெயர் தெரிந்தால் சித்தரின் ஞானப்பார்வை கலங்குமாம். முறை வந்ததும் நாத்தனார் முந்திக்கொண்டு மடித்த அட்டை ஒன்றை நீட்டினாள். "சாமி, முதல்ல நம்ம வீட்டுப் பையனைப் பாருங்க."

தையல்காரி விழித்தாள். நாத்தனாருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சித்தர் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். "டி.எச்.பி.பி.! ஆகா, பெரிய படிப்பு."

"ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான் சாமி."

"உக்காருவான். ஏ.ஆர்.வி.! அரசாங்க உத்தியோகம். இவன் குரலுக்கு ஊரே நடுங்கும்."

"இப்பவே தபால்காரர் நடுங்குறாரு."

"பாத்தீங்களா!" கூட்டம் உச்சுக்கொட்டி வியந்தது.

"கல்யாணம்?"

"ஒருத்தியோட நிப்பான். ஒழுக்கசீலன்."

"எங்க தெருவுல அப்படிச் சொல்றதில்ல சாமி. சரி, அடுத்த ஏ.ஆர்.வி. கட்டம் காலியா இருக்கே, போட்டுடலாமா?"

"கூடவே கூடாது! அதுதானே அதிர்ஷ்டக் கதவு!"

நாத்தனார் மடிப்பைப் பிரித்து உரக்கப் படித்தாள். "கால்நடை மருத்துவமனை. பேரு பொத்தான். நிறம் பழுப்பு. வால் உண்டு. ஏ.ஆர்.வி.ங்கிறது வெறிநாய்க்கடி நோய் வராம இருக்கப் போடுற ஊசி, சாமி. போடாம விட்டா, பொத்தானை உங்ககிட்டதான் கொண்டுவந்து விடுவேன்."

"நாய்க்கும் விதி உண்டம்மா..." என்று முனகினார் சித்தர்.

"எம் பையனுக்கும் அரசாங்க உத்தியோகம்னீங்களே, அப்ப அவனும் அந்த நாயும் ஒரே ஆபீஸா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பு மாடிப்படி வழியே கீழே உருண்டது.

தையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் விட்டிருந்தால் மகளின் அட்டையும் உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கும். "எம்.ஆர். 2ன்னா என்னதான்டி?"

"தட்டம்மை, ரூபெல்லா. ரெண்டாவது தடவை. நோய் பேரையும் மருந்து பேரையும் சுருக்கி எழுதுறாங்க, அவ்வளவுதான். புரியலைன்னா ஊசி போடுறவங்களையே கேக்கலாமே அண்ணி."

அன்றே கட்டம் நிரம்பியது. மகள் ஊரைக் கூட்டி அழுதாள். பிறகு மிட்டாய்க்குக் கை நீட்டினாள்.

பொத்தான்கூட எதையும் விழுங்குமுன் ஒருமுறை மோந்து பார்க்கிறது. நமக்கும் மூக்கு இருக்கிறது. அதற்குச் சற்று மேலே இன்னொன்றும் இருக்கிறது.