கடைசி வீட்டுக்காரர்

ஊர் விரியும் இடமெல்லாம் ஓர் இனம் முளைக்கும். கடைசி வீட்டுக்காரர் என்று பெயர். வீதியின் கடைசியில் குடியிருப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். தம் வீட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் வேறெவரும் வீடு கட்டக்கூடாது என்று நம்புகிறவர்.

திருகோணமலைக்கு ஓரமாய்ப் பாலையூற்றில் இருந்த யோகலிங்கம் அப்படிப்பட்டவர். அரசாங்க அலுவலில் இருந்து ஓய்வுபெற்ற கந்தோர்க்காரர். பற்றையை வெட்டி, பள்ளத்தை நிரவி, நின்ற மரங்களையும் தறித்து அவர் வீடு கட்டியபோது அதற்குப் பெயர் முன்னேற்றம். அடுத்தவர் கட்டினால்? நெரிசல்.

அவர் வீட்டுக்கு எதிரே நிக்கலஸின் இரண்டு ஏக்கர் வெறுங்காணி. சண்டையில் மூதூர்ப் பக்கமிருந்து சனம் ஓடிவந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தபோது, அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்க நிக்கலஸ் எண்ணினார். யோகலிங்கத்துக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. மாலையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி தாம் பார்க்கும் வெளி அல்லவா அது? கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டினார்.

"இருபது பேர்ச்சுக்குக் குறைய ஒருத்தரும் காணி பிரிக்கப்படாது. மூச்சு விட வெளி வேண்டாமே? பிள்ளையள் எங்க விளையாடுறது?"

மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானிலிருந்து ஓடிவந்த இராசமலர் பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்தாள்.

"எங்களுக்கு ஆறு பேர்ச் காணும் ஐயா. பிள்ளையள் முதல்ல எங்கயாவது படுக்கட்டும்."

"நான் உங்களுக்கு எதிரில்லைப் பிள்ளை. எதிர்காலத்தை யோசிக்கிறன்."

கை தட்டினார்கள். தட்டியவர்கள் எல்லாருக்கும் வீடு இருந்தது. தீர்மானத்தை அரசாங்கக் கந்தோரும் ஏற்றுக்கொண்டது. இருபது பேர்ச் என்றால் ஏக்கரில் எட்டிலொன்று; அதை வாங்க யாரிடம் வழி இருந்தது? இராசமலரும் மற்றவர்களும் இன்னும் இரண்டு மைல்கட்டை தள்ளிப் போய், காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். பாலையூற்றில் வெளி காக்கப்பட்டது. அப்பால் காடு அழிந்தது. அது யோகலிங்கத்தின் கதிரையிலிருந்து தெரியவில்லை.

அடுத்த வருடம் ஆமிக்காரர் வந்தார்கள். முகாமுக்கு இடம் தேடினார்கள்.

"நல்ல இடம் மாத்தையா. ஒரு வீடும் இல்லை. எல்லாப் பக்கமும் நல்லாத் தெரியுது" என்று அதிகாரி யோகலிங்கத்திடமே பாராட்டிச் சொன்னார்.

ஒரு கிழமைக்குள் முள்ளுக்கம்பி, மண்மூட்டை, காவலரண். பார்வைக்கு மறைப்பென்று யோகலிங்கத்தின் மாமரம் விழுந்தது. தம் படலையைத் திறக்க அவர் அடையாள அட்டை காட்டினார்.

"ஆறு குடும்பம் முன்னால இருந்திருந்தா இவங்கள் இஞ்ச வந்திருப்பாங்களே?" என்றார் மனைவி கமலாதேவி. கடைசியில் அந்த வீடும் முகாமுக்குப் போயிற்று.

வாடகைக்கு அலைந்து களைத்து, இருவரும் போய் நின்ற இடம் இராசமலரின் வளவு. அவள் பழையதைக் கிளறவில்லை.

"ஓம் ஐயா, ஓரத்தில ஒரு துண்டு இருக்கு. சின்னனாக் கட்டி இருங்கோ."

யோகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. மெய்யாகவே கலங்கியது. அவர் கெட்டவர் அல்லர்.

மூன்று அறை எழும்பி, கூரை ஏறிய கிழமை, சம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் கயிறு பிடித்து அளந்தது. யோகலிங்கம் வேலியோரம் வந்தார்.

"பிள்ளை இராசமலர், இதுக்கொரு வரைமுறை வேண்டாமே? ஒரு சங்கம் தொடங்கினால் என்ன?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வெறுங்காணியில் நேற்று யாரோ வீடு கட்டக் கல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்களாமே. யாரென்று விசாரித்தீர்களாம். சும்மாதானே விசாரித்தீர்கள்?