ஸ்ராங்கு அண்ணாச்சி புனல் வைத்து ஊற்றிய டீசல்

உலகத்தில் டீசல் என்ற ஒரே ஒரு எரிபொருள்தான் உண்டு, மற்றதெல்லாம் வெறும் வதந்தி என்று நம்பும் மனிதர் தூத்துக்குடியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருப்பது என் ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வரும் படகை ஓட்டியவர். அந்த வேலை பார்ப்பவரை ஸ்ராங்கு என்பார்கள். ஓய்வு பெற்ற நாளில் படகை மட்டும் அங்கே விட்டுவிட்டு, உத்தியோகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தம்முடைய பழைய ஜீப்பைத் தினமும் மின்கம்பத்தில் கயிற்றால் கட்டிப்போடுவார்.

“ஹேண்ட் பிரேக் இருக்கே அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பிரேக்கு என்னத்தப் பிடிக்கும் டீச்சர்? கச்சான் காத்து அடிச்சா ஜீப்பு எங்கன போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

இதுவரை எந்த மேல்காற்றிலும் எங்கள் தெருவிலிருந்து ஒரு வண்டியும் மிதந்து போனதில்லை. அதற்குக் காரணமே கயிறுதான் என்பார்.

மனிதர்களையும் அவர் எரிபொருள் வைத்துத்தான் எடைபோடுவார். தம் அக்காள் மகளுக்கு வந்த மாப்பிள்ளையை, “அவன் பெட்ரோல் ஆளு. டப்புன்னு பத்துவான், டப்புன்னு அணைவான்” என்று திருப்பி அனுப்பினார். என்னைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம்தான். “நீங்க டீசலு டீச்சர். சூடாக நேரமாகும். பிறகு நிறுத்த முடியாது.”

என் மகள் ஜெபாவுக்குத் திருநெல்வேலியில் மருத்துவ நுழைவுத் தேர்வு. ஒரு வருடமாக அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்ததில்லை. குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் தாண்டினாலும் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்பதை நான் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கோ அன்று சாகுபுரம் ஆலையில் ஷிப்ட். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

“பஸ்ஸுல போவியளா? அப்போ எதிர்வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்?” என்று ஸ்ராங்கு கிளம்பிவிட்டார். ஜீப்பை எடுக்கப் போனவரை மன்றாடி எங்கள் காருக்கு மாற்றினேன். “அண்ணாச்சி, இது பெட்ரோல் கார்” என்று தெளிவாகச் சொன்னேன். மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல் தலையாட்டினார்.

திருநெல்வேலிக்கு மேற்கே போக வேண்டும். அவர் கிழக்கே போனார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பெட்ரோல் பங்கில்தான் எண்ணெய் போடுவாராம், மற்ற பங்கில் எல்லாம் அவருக்கு நம்பிக்கை இல்லை. படகுக்காரர்கள் கேன் கேனாக டீசல் வாங்கும் இடம் அது. நான் பின்சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹால் டிக்கெட்டில் இருப்பது என் மகள் முகம்தானா என்று மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நடந்தது பிறகு அவர் வாயால் கேட்டது.

ஸ்ராங்கைக் கண்டதும் பங்குக்காரப் பெண் ஒன்றும் கேட்காமலே டீசல் குழாயை எடுத்திருக்கிறாள். அது காருக்குள் நுழையவில்லை. பெட்ரோல் காரின் வாய் சின்னது. அது தன்னால் முடிந்த மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறது.

“குழா உள்ள போவ மாட்டேங்கு அண்ணாச்சி.”

“வண்டி செஞ்சவன் ஓட்டையைச் சின்னதா வச்சிட்டாம்ளா. இரு.”

படகுக்காரர் ஒருவரிடம் பெரிய புனலையும் கேனையும் வாங்கி, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு மோந்து பார்த்து, திருப்தியாகி, முழு டாங்கையும் ஊற்றி நிரப்பியிருக்கிறார்.

ஊர் எல்லை தாண்டியதும் கார் இருமியது. பிறகு வெள்ளைப் புகை. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

“ஒண்ணுமில்ல டீச்சர். டீசலு, சூடாகணும்லா.”

“டீசலா?” என்றேன். ஜெபா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

ஸ்ராங்கு இறங்கி, துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். வந்தது ஒரு காலி உப்பு லாரி. டிரைவர் இறங்கி மூக்கைச் சுருக்கினார்.

“அண்ணாச்சி, பெட்ரோல் வண்டில டீசல் வாடை அடிக்கே?”

“டீசல்தாம்ல போட்டிருக்கேன். பிறகு பன்னீரா தெளிப்பாவ?”

“சரி சரி, பிள்ளைய ஏத்துங்க. காரு கெடக்கட்டும், பிறகு பாத்துக்கிடலாம்.”

“ஏலே, கப்பலை நடுக்கடல்ல விட்டுட்டுப் போறவனுக்குப் பேரு ஸ்ராங்கால?”

கயிறு கட்ட நேரமில்லை என்று டிரைவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் கட்டி முடித்திருந்தார். அந்தக் கயிறு காருக்குள் எப்போது ஏறியதென்று எனக்குத் தெரியாது.

இப்படித்தான் நாங்கள் தேர்வுக்குப் போனோம். லாரி கேபினில் நானும் ஜெபாவும். பின்னால் செத்துப்போன காரில் ஸ்ராங்கு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “வாடைப் பக்கம் ஒடி! மெதுவா! மெதுவாலே!” என்று கத்திக்கொண்டு. வலது இடதெல்லாம் அவருக்குக் கிடையாது, வடக்கு என்றால் வாடைதான். லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. ஜெபா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு வருடம் கழித்து என் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள்.

கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறுகதவில் கை வைத்திருந்தார் காவலாளி. லாரியும் கயிறும் காருமாக எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். “யம்மா, வேற வண்டியே கிடைக்கலையா?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜெபா உள்ளே இருந்தாள்.

நான் மரத்தடியில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்தேன். ஸ்ராங்கு உட்காரவில்லை. தேர்வு முடியும்வரை கேட்டுக்கு நேரே, கொளுத்தும் வெயிலில் நின்றார்.

“இங்கன வந்து நிழல்ல உக்காருங்க அண்ணாச்சி.”

“பிள்ள உள்ள ஒத்தையில கெடக்கு. நான் எப்படி டீச்சர் உக்காருவேன்?” என்றார். பிறகு கேட்டைப் பார்த்தபடியே, “பெட்ரோல்னு நீங்க சொன்னிய. எங்காதுல விழல” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

காரின் டாங்கைக் கழற்றிக் கழுவியதைப் பற்றி என் வீட்டுக்காரர் இன்றும் பேசுகிறார். ஜெபாவுக்கு மதுரையில் இடம் கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாடகைக் காருக்குச் சொல்லட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். பங்கில் நான் இறங்கி நின்று, எந்தக் குழாய் என்று பார்த்துக்கொள்வேன். மற்ற தூரமெல்லாம் என் பிள்ளை ஸ்ராங்கோடுதான் போக வேண்டும்.