பெலூசாவின் இடப்பக்கம்

பெலூசாவின் முதுகில் மட்டும் ஏன் ஒரு சிக்குகூட விழவில்லை?

ஒதில்யாவின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். தினமும் இரும்புக்கடையைத் திறப்பதற்கு முன்னால் நாயை மடியில் போட்டு பிரஷால் சீவுகிறாள். முதுகு பட்டாக மின்னுகிறது. காதுக்குப் பின்னால் விரலை விட்டால் நெல்லிக்காய் பருமனில் ஒரு முடிச்சு. முன்னங்கால் இடுக்கில் இன்னொன்று. கழுத்துப்பட்டைக்கு அடியில் ஒரு குடும்பமே இருக்கிறது. பெலூசா இரண்டு கைக்குள் அடங்கும் வெள்ளை நாய். ஆனால் நான்கு நாய்க்குப் போதுமான முடி. முடிச்சைத் தொட்டாலே 'வீல்' என்று கத்துகிறது. தோல் இழுபட்டுச் சிவந்திருக்கிறது.

ஊரில் மற்றவர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. லா நியெப்லா என்ற அந்த மலையூரில் எல்லாருக்கும் பதில் தெரியும். குட்டிச்சாத்தான்!

பெரிய தொப்பி, குட்டை உருவம், காதல் மன்னன். ராத்திரியில் லாயத்துக்குள் புகுந்து குதிரையின் பிடரியைப் பின்னிவிட்டுப் போவானாம். அவனுக்குப் பாட்டு என்றால் உயிர். அபஸ்வரம் என்றால் ஆகாது. அதனால் லாயத்து வாசலில் சுருதி கெட்ட திப்லே ஒன்றைத் தொங்கவிடுவார்கள். திப்லே என்பது கிதாரின் தம்பி. நாலு தட்டு தட்டினால் போதும், குட்டிச்சாத்தான் காதைப் பொத்திக்கொண்டு மலையேறிவிடுவான். குதிரைகள் ஓடுவதில்லை, கட்டிப்போட்டிருப்பதால்.

அந்தக் குட்டிச்சாத்தான் இப்போது குதிரையை விட்டு நாயைப் பிடித்துக்கொண்டான் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்தான் மாயெஸ்த்ரோ பெலார்மீனோ. மாயெஸ்த்ரோ என்றால் குருநாதர். பழைய ஜீப்பில் வந்து இறங்கிய மகான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சதுக்கத்தில் அவர் முன்னால் கூட்டம் நெரியும். ஆளுக்கொரு சடைநாய். ஊரில் நல்ல சுருதியில் ஒரு திப்லேகூட மிச்சமில்லை. கல்யாண வீட்டில் வாசிக்க வந்தவர்களே கம்பியைத் தளர்த்திவிட்டு வாசித்தார்கள். மணமகள் அழுதது பிரிவுத் துயரத்தால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாயெஸ்த்ரோவின் வைத்தியம் எளிது. அருவதா இலையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மாலைதோறும் நாயின் மேல் தெளிக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்துவிட வேண்டும். கக்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கம்பளிக் கயிறு கட்ட வேண்டும். சீப்பு? கூடவே கூடாது! காதலன் ஆசையாகப் பின்னிய சடையை அவிழ்த்தால் கோபித்துக்கொள்வான்.

பெலூசாவின் காதை ஒதுக்கிப் பார்த்த மாயெஸ்த்ரோ பெருமூச்சு விட்டார்.

"முத்திப்போச்சும்மா. இவன் இந்த நாய் மேல உசுரையே வெச்சிருக்கான்."

"அப்புறம் ஏன் மாயெஸ்த்ரோ முதுகுல பின்ன மாட்டேங்கிறான்?" என்று ஒதில்யா கேட்டாள். "அங்கதானே முடி நீளமா, வசதியா இருக்கு?"

"கூச்ச சுபாவம்மா அவனுக்கு. மறைவாத்தான் பின்னுவான்."

கூட்டம் உருகிப்போனது. பேய்க்கு இருக்கும் வெட்கம்கூட மனுசனுக்கு இல்லையே என்று யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"வர்ற ஞாயிறுக்குள்ள முடிச்சு அவிழலைன்னா நாயை எங்கிட்ட குடுத்துடுங்க," என்றார் மாயெஸ்த்ரோ. "மேல மலையில கொண்டுபோய் அவங்கிட்டயே சேர்த்துடுறேன். இல்லைன்னா அந்த வீட்லயே அடுத்த முடிக்குத் தாவிடுவான்."

சொல்லிவிட்டு ஒதில்யாவின் கணவன் எவேலியோவைப் பார்த்தார். எவேலியோவின் கை தானாக மீசைக்குப் போயிற்று. அது சாதாரண மீசை அல்ல. மெழுகு தடவி, இரண்டு பக்கமும் முறுக்கி, ஊரே அடையாளம் சொல்லும் மீசை. அதோடு பெலூசாவின் கதை முடிந்தது.

"குடுத்துடலாம் ஒதி," என்றான் வீட்டுக்கு வரும் வழியிலேயே.

"உன் மீசைக்காக என் நாயையா?"

"முகம்னு ஒண்ணு எனக்கு இருக்கிறதே அதுலதான்டி!"

அடுத்த வீட்டு துல்யா அம்மாளும், ஊர் வழக்கில் தோன்யா துல்யா, சேர்ந்துகொண்டாள். அவளுடைய நாய் பிரின்சிப்பே போன மாதம்தான் மாயெஸ்த்ரோவோடு மலைக்குப் போனான்.

"மனசைத் தேத்திக்கோ மகளே. என் பிள்ளை அங்க சந்தோஷமா இருக்கானாம். மாயெஸ்த்ரோ கனவுல பார்த்தாராம்." அவன் படுத்திருந்த கூடையை இன்னும் அவள் எடுத்து வைக்கவில்லை.

ஒதில்யா எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். ரிப்பேரான பூட்டு கடைக்கு வந்தால் முதலில் உள்ளே என்ன என்று பார்ப்பாள், பிறகுதான் விலை சொல்வாள். இந்தப் பூட்டையும் அப்படியே பார்த்தாள். காதோரத்து முடிச்சு ஒன்றைக் கத்தரித்துச் சமையல் மேசையில் வைத்து ஊசியால் இழை இழையாகப் பிரித்தாள். பின்னல் எதுவும் இல்லை. உதிர்ந்த குட்டை முடி. பஞ்சு மாதிரி மெல்லியது. கீழே விழ வழியில்லாமல் நீள முடிக்குள் மாட்டி, உருண்டு, இறுகிக் கிடந்தது. நடுவே பழுப்புக் கம்பளி நார். அது பெலூசாவின் ருவானாவிலிருந்து வந்தது. குளிருக்கு ஊரே தலைவழியாக மாட்டிக்கொள்ளும் கம்பளிப் போர்வைதான் ருவானா. நாய்களுக்கும் அளவாகத் தைத்துப் போடுவார்கள். அந்தப் போர்வை உரசும் இடம் கக்கம். பட்டை உரசும் இடம் கழுத்து. பின்னங்காலால் சொறியும் இடம் காது. முதுகை எதுவும் உரசுவதில்லை!

அப்படியானால் தினமும் சீவியும் ஏன் விழுகிறது? முடியை விலக்கிப் பார்த்தாள். பிரஷ் மேல்முடியைத்தான் தடவிக்கொடுத்திருக்கிறது. அதற்குக் கீழே, தோலை ஒட்டி, ஒரு முடியையும் அது தொட்டதே இல்லை. வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் கரையான் மாதிரி முடிச்சுகள் அங்கே நிம்மதியாக வளர்ந்திருக்கின்றன.

சந்தேகம் சரியா என்று சோதிக்க வேண்டும். எவேலியோவைக் கூப்பிட்டாள்.

"இடப்பக்கம் உனக்கு. மாயெஸ்த்ரோ சொன்னதெல்லாம் பண்ணு. தண்ணி, கயிறு, திப்லே, ஒண்ணும் விட்டுடாதே. வலப்பக்கம் எனக்கு."

"நாய்ல பாகப்பிரிவினையா?"

"ஞாயிறு வரைக்கும்தான். இருக்கிற முடிச்சை ரெண்டு பக்கமும் இப்பவே எடுத்துடுறேன். ஒரே மாதிரி ஆரம்பிப்போம்."

அப்படியே நடந்தது. இடக்கக்கத்தில் கயிறு, மாலையில் வெல்லத் தண்ணீர், எவேலியோ மீசையைக் காப்பாற்றும் ஆவேசத்தில் திப்லேயை அடி அடி என்று அடித்தான். பெலூசா கூடவே ஊளையிட்டது. ஊரிலேயே அதன் சுருதி ஒன்றுதான் சரியாக இருந்தது. வலப்பக்கம் ஒதில்யா ருவானாவை உரசாதபடி மடித்து ஊசி குத்திவிட்டாள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, உலர்ந்த முடியில், இரும்புச் சீப்பைத் தோல்வரை விட்டுச் சீவினாள்.

ஞாயிறு வந்தது. சதுக்கம் நிரம்பி வழிந்தது. மாயெஸ்த்ரோ இடக்காதைத் தூக்கினார்.

"பார்த்தீங்களா! புதுச் சடை!"

"வலப்பக்கமும் பாருங்க," என்றாள் ஒதில்யா.

பார்த்தார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனால் மகான்களுக்கு விடை வர எவ்வளவு நேரமாகும்?

"அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன்!"

"அதானே!" என்றது கூட்டம். கூட்டம் எதற்குத்தான் 'அதானே' சொல்லவில்லை?

ஒதில்யா பையிலிருந்து ஒரு கைப்பிடி முடியை எடுத்தாள். சீப்பில் வந்த பெலூசாவின் உதிர்முடி. இரண்டாகப் பிரித்தாள்.

"தோன்யா துல்யா, கையை நீட்டுங்க. வலது கைல இது, காய்ஞ்சது. சீப்பை விடுறேன் பாருங்க. தடையில்லாமப் போயிடுச்சா? இதை எடுத்துடுறேன். இப்ப இடது கைல இந்தப் பாதி. மாயெஸ்த்ரோ, உங்க தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. எல்லாருக்கும் ஊத்துறதுதானே? ரெண்டு கையும் சேர்த்துத் தேய்ங்க தோன்யா. நல்லா. இன்னும் நல்லா."

துல்யா தேய்த்தாள். கையை விரித்தாள். உள்ளங்கையில் கெட்டியாக ஒரு உருண்டை.

"சீவிப் பாருங்க."

சீப்பு நகரவில்லை.

"இந்தப் பட்டப்பகல்ல, உங்க கைக்குள்ள வந்து பின்னினது யாரு தோன்யா? தொப்பி தெரிஞ்சுதா?"

துல்யா தன் கையையே பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

"நம்பிக்கை இல்லாதவ தொட்டா அப்படித்தான்!" என்று கத்தினார் மாயெஸ்த்ரோ. "நாயைக் குடு இப்படி!"

பிடுங்கப் பார்த்தார். பெலூசா குரைத்தது. உடனே ஜீப்பின் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு பதில் குரைப்பு. கரகரத்த, தும்மலில் முடியும் குரைப்பு.

"பிரின்சிப்பே!" துல்யா அந்த வயதில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. தார்ப்பாயைப் பிய்த்து எறிந்தாள்.

உள்ளே மலை இல்லை. கூண்டுகள் இருந்தன. குட்டிச்சாத்தானின் மணப்பெண்களும் மாப்பிள்ளைகளும் கழுத்தில் ரிப்பன் கட்டி, நகரத்துச் சந்தைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றின் உடம்பிலும் ஒரு சிக்கு கிடையாது! அத்தனை முடியும் பட்டு. கூண்டின் மேல், பற்களில் பிரின்சிப்பேயின் பொன்னிற முடி சிக்கியபடி, மகானின் மந்திரக்கோல் கிடந்தது. நல்ல நீளமான இரும்புச் சீப்பு.

எவேலியோ அதை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

"ஏன் மாயெஸ்த்ரோ, காதலன் கோவிச்சுக்க மாட்டானா?"

மாயெஸ்த்ரோ ஜீப்பில் ஏறப் போனார். துல்யா சாவியைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். போலீஸ்காரர் வரும்வரை அவரை உட்கார வைத்து, ஊர்த் திப்லே ஒன்றையே அவர் காதருகே வாசித்தார்கள். சுருதி சேர்க்காமல்தான்.

கூட்டம் கலையும்போது குதிரைக்காரர் ஒருவர் ஒதில்யாவிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"நாய் சரி தாயி. என் குதிரைப் பிடரிய யாரு பின்னுறா?"

"கடைசியா எப்ப சீவினீங்க?"

"சீவுறதா? அதான் வாசல்ல திப்லே கட்டியிருக்கேனே!"

"அதை அவுத்து வெச்சுட்டுச் சீப்பை எடுங்க. அப்பவும் முடிச்சு விழுந்தா எங்கிட்ட வாங்க, பேயைத் தேடுவோம். அதுக்கு முன்னாடி தேடாதீங்க."

எவேலியோ அன்று மாலை திப்லேக்குச் சுருதி சேர்த்தான். பிறகு பெலூசாவை மடியில் போட்டுக்கொண்டு, மனைவி சொல்லச் சொல்ல, இடப்பக்கத்தையும் சீவக் கற்றுக்கொண்டான். வீட்டுக்குள் வந்ததும் ருவானாவையும் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். முடியை வகிடெடுத்து, தோல் தெரியும்வரை, சீப்பு தடையில்லாமல் ஓடும்வரை தினமும் சீவ வேண்டும். காதுக்குப் பின்னும் கக்கத்திலும் முதலில். சிக்கு இருந்தால் உலர்ந்திருக்கும்போதே விரலால் பிரித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர்.