கொல்லிமலையின் இரண்டாவது வளைவு

கார் ஓட்டத் தெரியாத ஒருவன் கார் ஓட்டுவதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளும் வரை ஒரு சிக்கலும் வராது. நான் ஆறு மாதம் எழுதினேன். அதன் பிறகு நிறுத்திக்கொள்ளத் தெரியாமல் சாவியைக் கையில் எடுத்தேன். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏதோ சின்னப் பையன், அறியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் மன்னிப்பதற்கும் வழியில்லை.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். நான் எடுத்துக் கொடுத்த பேரிங்குகளும் ஓஸ் பைப்புகளும் ராஜஸ்தான் வரை போயின. நான் ஈரோட்டைத் தாண்டியது குறைவு. ஓய்வு பெற்றதும் மகள் நித்யா வற்புறுத்தி ஒரு சிறிய கார் வாங்க வைத்தாள். லைசென்ஸ் இருந்தது. (எட்டுப் போடச் சொன்னார்கள். நான் போட்டது எட்டு மாதிரி இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.) மனைவி செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, ஆடு நிக்குது. ஏனுங்க, பிரேக்கு. ஏனுங்க, அது நம்ம ரோடு இல்லீங்க" என்று சொல்லச் சொல்ல நான் ஓட்டுவேன். ஸ்டியரிங் என் கையில் இருந்ததே தவிர, வண்டியை ஓட்டியது அவள்தான்.

கார் வாங்கிய மூன்றாம் மாதம் நித்யாவின் பிரசவத்துக்காகச் செல்வி மெல்போர்னுக்குப் போனாள். ஆறு மாதம். வண்டி போர்ட்டிகோவில் உறை போட்டு நின்றது. நான் வீட்டுக்குள் நின்றேன். இரண்டு பேரில் யாருக்கு அதிகத் தூசி படிந்தது என்று சொல்ல முடியாது. காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போது பால்காரரிடம் பேசினால் அன்றைய பேச்சு முடிந்துவிடும். சில நாள் அவரும் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அப்போதுதான் அந்த வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். சேலம், நாமக்கல் பக்கம் ஒரே மாடல் கார் வைத்திருப்பவர்களின் குழு. கார் குழு என்று பெயரே தவிர, எல்லாமே அதில் வரும். "நாலாயிரம் கிலோமீட்டர் ஆச்சு, மைலேஜ் பதினெட்டு, பையனுக்குக் காதுகுத்து, எல்லாரும் வந்துருங்க" என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். ஒருவருக்கு டயர் மாற்றியதும் மாமியார் வீடு திரும்பியதும் ஒரே பதிவில் வந்தது. அதில் எதற்கு வாழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் பொதுவாகக் கை கூப்பியிருந்தார்கள்.

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். 'வண்டி வீட்டில் நிற்கிறது, தினமும் துடைக்கிறேன்.' ஒரே ஒருவர் கட்டைவிரல் காட்டினார். மறுவாரம், சங்ககிரி ரோட்டில் ஒரு கடையில் டீ குடிக்கப் போய்வந்ததாக எழுதினேன். போகவில்லை. முப்பது பதில் வந்தது. ராசிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கவிதா, "அக்காவும் வந்தாங்களாங்ண்ணா?" என்று கேட்டாள். வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் என்னைக் கேட்டு நாளாகியிருந்தது. "வந்தாளே, தேங்காய் பன் சாப்பிட்டாள்" என்று எழுதினேன். அந்தத் தேங்காய் பன்னில் விழுந்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

தினமும் சாயங்காலம் காரின் உறையைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன். ஏசியைப் போட்டுக்கொள்வேன். போர்ட்டிகோவில் நின்றபடியே ஏற்காடு போனோம், மேட்டூர் போனோம், ஒகேனக்கலில் மீன் சாப்பிட்டோம். (செல்வி சைவம். பொய்யில் அவளுக்கு மீன் பிடித்திருந்தது.) கடையில் முப்பது வருடம் டிரைவர்கள் பேசிய பேச்செல்லாம் காதில் கிடந்தது. கிளட்ச்சைப் பற்றியும் மலை இறக்கத்தில் கியரைப் பற்றியும் நான் எழுதியதைப் படித்தவர்கள் என்னைப் பெரிய ஓட்டுநர் என்று நம்பினார்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி மட்டும் மூன்று பாகம் எழுதினேன். ஆறு மாதத்தில் என் கணக்குப்படி வண்டி எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஒருநாள் ஓமலூர் பிரகாஷ் போன் செய்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், கார் எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "சண்முகண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம ஏழு வண்டி கொல்லிமல போறமுங்க. நீங்க முன்னால போனாப் போதும், நாங்க பின்னாலயே வந்தர்றமுங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். எந்த மடையனும் அப்படித்தான் தப்பித்திருப்பான். ஆனால் மகளையும் மனைவியையும் தவிர வேறொரு குரல் அந்தப் போனில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏழு வண்டி என்றால் இருபது பேராவது இருப்பார்கள், கட்டுச்சோறு கொண்டுவருவார்கள், பேசுவார்கள். எனக்கு அவர்களோடு போகவேண்டும் போல இருந்தது. "அக்காவுக்கு மூட்டுவலி, நான் வர்றேன்" என்றேன்.

ஞாயிறு விடியும்போதே கிளம்பினேன். சமவெளி ரோடு, போக்குவரத்தும் இல்லை. "ஆடு நிக்குது, பிரேக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்றாவது கியருக்கு மேல் போகாமல், நாமக்கல் தாண்டி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதற்கே எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். கவிதா என் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். யாரோ என்னை நிற்கவைத்துப் படமெடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவ்வளவு பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

முதல் வளைவை எப்படியோ கடந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. இரண்டாவது வளைவில் பாதி திரும்பியபோது வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. மூன்றாவது கியரில் மலை ஏறக்கூடாது என்று என் பதிவின் இரண்டாம் பாகத்தில் நானே தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன். வண்டி மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. நான் பிரேக் என்று நினைத்து மிதித்தது கிளட்ச். டொக் என்று ஒரு சத்தம். பிரகாஷின் இரண்டு வார வயதுக் காரின் முன்பக்க பம்பர்.

கவிதா ஓடிவந்து, கதவைத் திறந்து, என் மடிக்குக் குறுக்கே கைநீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். இழுத்தவளின் கண் நேராக மீட்டருக்குப் போனது. கார் பைத்தியங்களிடம் இது ஒரு பழக்கம். மற்றவர்கள் ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள், இவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள். அறுநூற்றுப் பதினொன்று. அதிலும் வீட்டிலிருந்து அடிவாரம் வரை வந்த அறுபது சொச்சம் அன்று காலை சேர்ந்தது.

"ஏனுங்ண்ணா, மீட்டரு ரிப்பேருங்களா?" என்றாள்.

கடவுள் எனக்கு ஒரு வாசலைத் திறந்தது போல இருந்தது. "ஆமாங்க, ரிப்பேர்" என்றேன்.

அதோடு போயிருந்தால் நான் இன்றைக்கும் பெரிய ஓட்டுநர்தான். ஆனால் அவர்கள் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். பிரகாஷ் தன் பம்பரில் விழுந்த கீறலை ஒரே தடவை தடவிப் பார்த்துவிட்டு, என் வண்டியின் பானட்டைத் திறந்து ஃபியூஸைத் தேட ஆரம்பித்தான். கவிதா நாமக்கல்லில் ஒரு எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாள். குழுவின் அட்மின் மணிமாறன், கெங்கவல்லிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எட்டாயிரம் ஓடுன வண்டி சார்! அறுநூறு காட்டுதுன்னா என்னா அநியாயம்! கம்பெனிக்காரனச் சும்மா வுடக்கூடாது" என்று போனை நீட்டி, வீடியோ எடுக்கத் தொடங்கினார். "வணக்கம். எங்க குழுவோட மூத்த உறுப்பினர் சண்முகம் சாருக்கு நடந்த கொடுமையப் பாருங்க…"

மூத்த உறுப்பினர் வெயிலில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். எனக்காக இத்தனை பேர் சண்டைக்குக் கிளம்பியது அதுவரை நடந்ததே இல்லை. அது ஒரு பொய்க்காக நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வீடியோவ நிறுத்துங்க" என்றேன். "மீட்டரு நல்லாத்தான் இருக்குது. நான்தான் ரிப்பேரு."

யாருக்கும் புரியவில்லை. சொன்னேன். ஏற்காடு போகவில்லை, மேட்டூர் போகவில்லை, கொல்லிமலைக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் இரண்டாவது வளைவு வரை. மணிமாறன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பானட்டுக்குள்ளிருந்து பிரகாஷ் தலையை வெளியே எடுத்தான். அவன் பம்பரைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன்.

"அக்கா பக்கத்துல உக்காந்துட்டுத் தேங்கா பன்னு சாப்ட்டாங்கன்னு எழுதுனீங்களேங்ண்ணா. அதுவும் பொய்ங்களா?"

"அவ ஆறு மாசமா மெல்போர்ன்ல இருக்கறா சாமி. ஊட்டுல நான் ஒண்டியாத்தான் இருக்கறேன். பேசறதுக்கு ஆளில்ல. நெசத்த எழுதுனா நீங்க யாரும் பதில் போடல."

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த பேருந்தின் கண்டக்டர் இறங்கி நடந்துவந்தார். "ஏனுங்க, மீட்டிங்கு முடிஞ்சுதுங்களா? மேல சந்தைக்குப் போற சனமுங்க" என்றார்.

கவிதா தன் வண்டியை வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். மீதி அறுபத்தெட்டு வளைவுகளுக்கும் நான் என் காரில் செல்வியின் இடத்தில் உட்கார்ந்து போனேன். ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் தெரியும். பள்ளம் முழுதும் தெரிவது அந்த இடத்திலிருந்துதான். "ஏனுங்க, பிரேக்கு" என்று அவள் ஏன் கத்தினாள் என்பது அன்று விளங்கியது. முப்பதாவது வளைவில் வாந்தியும் எடுத்தேன். (உறைக்குள் வைத்துப் பாதுகாத்த வண்டிக்கு நானே செய்த முதல் அபிஷேகம்.)

மேலே போய் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். எனக்கும் தட்டு வந்தது. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. கார் பேச்சை மட்டும் விட்டுவிட்டு மழை, அன்னாசிப்பழம் என்று ஏதேதோ பேசினார்கள். இருபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து அன்றைக்குப் பட்ட தனிமையை நான் போர்ட்டிகோவில் கூடப் படவில்லை. சாயங்காலம் கவிதா என்னையும் வண்டியையும் வீட்டில் விட்டுவிட்டு, பின்னால் வந்த பிரகாஷின் காரில் ஏறிப் போனாள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

பதினொரு நாள். பழக்கதோஷத்தில் சாயங்காலம் காருக்குள் போய் உட்காருவேன். போனை எடுப்பேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. வைத்துவிட்டு உள்ளே போய் ரசத்தைச் சூடு பண்ணுவேன்.

பன்னிரண்டாம் நாள் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவில் அவள் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, "ஏனுங்க, அத்தன ஊருக்கும் என்னையுமா கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள்.

"ஆமா."

"எனக்கு அந்த மீனு ஒத்துக்கிச்சுங்களா?"



மறுநாள் காலை மணிமாறன் என்னைக் குழுவில் திரும்பச் சேர்த்திருந்தார். யார் சொல்லிச் சேர்த்தார் என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குள் மீட்டரைப் படமெடுத்துப் போடவேண்டும். போன வாரத்தைவிடப் பத்துக் கிலோமீட்டராவது கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் யாராவது ஒருவர் போன் செய்து, ஏன் என்று கேட்பார்கள்.

இந்த விஷயம் மெல்போர்ன் வரை போய், எங்கள் வீட்டு வழக்கமும் ஆகிவிட்டது. "சாப்ட்டீங்களாப்பா?" என்று நித்யா கேட்பாள். "சாப்ட்டேன்" என்பேன். "மீட்டர் போட்டோ அனுப்புங்க" என்பாள். நான் கழுவிய தட்டைப் படமெடுத்து அனுப்புவேன். செல்வி திரும்பி வந்தாள், ஒன்றேமுக்கால் வருடம் இருந்தாள், நித்யாவுக்கு இரண்டாவது பிரசவம் என்று போன மாதம் மறுபடியும் போயிருக்கிறாள். பேரனுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. "தாத்தா, மீட்டர்!" என்று அவனும் கேட்கிறான்.

இப்போது நான் ஓரளவு நன்றாகவே ஓட்டுகிறேன். சங்ககிரி ரோட்டு டீக்கடைக்கு உண்மையாகவே போய்வருகிறேன். ஆனாலும் சில ஞாயிறுகளில் வண்டியை எடுப்பதில்லை. வேண்டுமென்றேதான். பழைய எண்ணையே படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, போனை மேசைமேல் வைத்து, அதன் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

போன ஞாயிறு ஒன்பதே காலுக்கு அடித்தது. கவிதா.

"ஏனுங்ண்ணா, மறுபடியும் ரிப்பேருங்களா?"

"ஆமாங்க சாமி" என்றேன். "கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தாச் சரியாப் போயிரும்."