பஞ்சாரத்துக்குள் பதினொரு கேமரா

மனிதகுலத்தின் முன்னால் இன்றுவரை தீராமல் நிற்கும் மாபெரும் கேள்வி எது? உலகம் எப்படித் தோன்றியது என்பதா? செத்தபிறகு எங்கே போகிறோம் என்பதா? அதெல்லாம் சில்லறைக் கேள்விகள். புதிதாகப் படம் எடுக்க வருகிறவன் முதன்முதலில் எந்த எஸ்.எல்.ஆர். கேமராவை, எந்த லென்ஸோடு வாங்க வேண்டும்? இதுதான் கேள்வி. இதற்கு விடை காண்பதற்கென்றே ஜாவாவின் மெர்பாபு மலையடியில், சலாதிகா நகரத்தில், ஒரு ஒளிப்படச் சங்கம் இயங்கி வந்தது. உறுப்பினர்கள் பதினொரு பேர். கேமராக்கள் பதினொன்று. வெள்ளிக்கிழமை மாலைதோறும் இஞ்சித் தண்ணீரும் பொரித்த தெம்பே என்னும் சோயாக் கட்டியும் வைத்துக்கொண்டு கூடுவார்கள். இவர்கள் எப்போதாவது படம் எடுப்பதுண்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. விவரம் போதாதவர்கள்.

இந்தச் சங்கத்திடம் போய்ச் சேரும் பாக்கியம் வர்தோயோவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

வர்தோயோ துணி ஆலையில் தரம் பார்ப்பவன். மனைவி ரெத்னோ முதல் பிள்ளையை உண்டாகியிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "என்னங்க, நான் சின்னப் பிள்ளையில எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது. ஒரு படம்கூட கிடையாது. அம்மா 'உருண்டையா இருந்தே'ன்னு சொல்லும். அவ்வளவுதான். நம்ம பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது. நல்லதா ஒரு கேமரா வாங்கிடுங்க."

அவன் மறுநாளே கோ லியோங்கின் கடைக்குப் போனான். கோ லியோங் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு கேமராவை எடுத்து அவன் கையில் வைத்தார். பெட்டியோடு சேர்ந்து வரும் சாதாரண லென்ஸ்தான். வர்தோயோ அதைக் கண்ணில் வைத்து, தெருவில் போன ஐஸ்காரரைப் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கினான். 'க்ளக்' என்றது. அந்தச் சத்தம் நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. பின்பக்கத் திரையில் பார்த்தால் ஐஸ்காரர் ஜம்மென்று நிற்கிறார்.

"எடுத்துட்டுப் போ தம்பி" என்றார் கோ லியோங். "உன் பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும் எடு. அப்புறம் உனக்கே தெரியும் என்ன வேணும்னு."

பணம் உறையில் இருந்தது. உறை சட்டைப்பையில் இருந்தது. அந்த இடத்தில்தான் வர்தோயோ ஒரு மகத்தான வார்த்தையைச் சொன்னான். "எதுக்கும் விவரம் தெரிஞ்சவங்க நாலு பேரைக் கேட்டுட்டு வந்துடறேன்."

கோ லியோங் கேமராவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை.

நாலு பேரைத்தான் கேட்பதாக இருந்தான். பதினொரு பேர் கிடைத்தார்கள்.

சங்கத் தலைவர் குந்தோரோ, மரியாதையாகச் சொன்னால் பாக் குந்தோரோ, பாசன அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்த காக்கிச் சட்டை போட்டிருப்பார். எல்லாப் பாக்கெட்டிலும் லென்ஸ் துடைக்கும் துணி இருக்கும். அவர் வர்தோயோவை உட்கார வைத்து, கண்ணை மூடித் திறந்து கேட்டார்.

"தம்பி, நீங்க எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"என் பிள்ளையை, ஐயா."

"பிள்ளை சரி. அது எல்லார்கிட்டயும் இருக்கு. உங்க பார்வை என்ன?"

வர்தோயோ யோசித்தான். "கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க."

சபை அவனுக்காக இரக்கப்பட்டது.

"பெட்டியோட வர்ற லென்ஸ்னு லியோங் சொல்லியிருப்பாரே?" என்றார் செயலாளர் தர்மாஜி. இவர் நோட்டுப்புத்தகம் இல்லாமல் மூச்சு விடாதவர். "அதை வாங்குங்க, நல்லது. காத்துல மிதியடி பறக்காம இருக்க மேல வைக்கலாம்."

பிறகு விவாதம் தொடங்கியது. சங்கத்தில் கட்சி இரண்டு. பெட்டியில் சிவப்பு எழுத்துப் போட்ட கம்பெனியை நம்புகிறவர்கள் ஐந்து பேர். மஞ்சள் எழுத்தை நம்புகிறவர்கள் ஐந்து பேர். பாக் குந்தோரோ எந்தக் கட்சியையும் சேராமல், "கேமராப் பெட்டி வெறும் கூடு, லென்ஸ்தான் உயிர்" என்று தத்துவம் பேசினார். முதலில் லென்ஸை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த கேமரா என்றைக்காவது அமையும் என்று பொறுமையாக இருப்பதே முறை என்பது அவர் கட்சி.

"ஒரே தூரத்து லென்ஸ் வாங்குங்க. காலால நடந்து கிட்டப் போங்க."

"பிள்ளை ஓடுமே பாக்? பின்னாடியே ஓடுவாரா? தூரம் மாத்துற லென்ஸ்தான் சரி."

"தூரம் மாத்துறவன் சோம்பேறி."

"நடக்கிறவன் மட்டும் என்ன கிழிச்சான்?"

கையெடுத்துக் கும்பிட்டுத்தான் இத்தனையும் பேசிக்கொண்டார்கள். அதுதான் இந்த ஊரின் பெருமை. ஓட்டெடுப்பு என்ற முரட்டுப் பழக்கம் சங்கத்தில் கிடையாது. தலையை எண்ணினால் தோற்றவர் மனம் புண்படும் அல்லவா? ஆகையால் எல்லோரும் மனமொத்து 'ஆகட்டும்' என்று சொல்லும்வரை பேச வேண்டும். ஒரே ஒரு தலை ஆடாவிட்டாலும் அடுத்த வெள்ளிக்கிழமை. அதைவிட, முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வதும் இங்கே வழக்கமில்லை. 'இன்னும் இல்லை' என்பார்கள்.

"முடிவாயிடுச்சா?" என்று ரெத்னோ கேட்டாள்.

"இன்னும் இல்லை" என்றான் வர்தோயோ, மரியாதையாக.

ஏழாம் மாதச் சடங்கு வந்தது. ரெத்னோவைப் பூத்தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். வர்தோயோ ஓரமாக நின்று, இந்த வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. தமார் என்று பெயர் வைத்தார்கள். ரெத்னோ தன் பழைய கைபேசியில் நாலைந்து படம் எடுத்தாள். வர்தோயோ அதில் ஒன்றைப் பெருமையாகச் சங்கத்துக்குக் கொண்டுபோனான். தர்மாஜி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இரைச்சல் ரொம்ப இருக்கு."

"தூங்கும்போது எடுத்தது ஐயா" என்றான் வர்தோயோ.

அவர்கள் சிரிக்கவில்லை. 'இரைச்சல்' என்றால் படத்தில் தெரியும் புள்ளி என்று விளக்கினார்கள். வர்தோயோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தான். நேற்றுவரை பிள்ளை தெரிந்தது. இப்போது புள்ளி மட்டும்தான் தெரிந்தது. இப்படியாக அவனுக்குக் 'கலைக்கண்' திறந்தது.

பிள்ளைக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது அவன் ஒருநாள் மனம் பொறுக்காமல் கோ லியோங் கடைப்பக்கம் போனான்.

"அந்த கேமரா இருக்கா?"

"அந்த மாடல் நின்னுபோச்சு தம்பி. அதுக்கப்புறம் அதோட தம்பி வந்தான். அவனும் நின்னுட்டான். இப்ப அவன் பிள்ளை வந்திருக்கான். வாங்கிக்கிறியா?"

"சங்கத்துல இன்னும்..."

"போ, போ. பேரன் வரும்போது வா."

தமாருக்குப் பூமி மிதிக்கும் சடங்கு நெருங்கியது. முப்பத்தைந்து நாள் கொண்ட ஜாவா மாதம் ஏழு முடிந்ததும், இருநூற்று நாற்பத்தைந்தாம் நாள், பிள்ளையின் பாதம் முதன்முதலாக மண்ணில் படும். ஏழு நிறச் சோற்றை மிதிக்கவைத்து, கரும்பு ஏணியில் ஏற்றி, கடைசியில் அலங்கரித்த கோழிப் பஞ்சாரத்துக்குள் உட்கார வைப்பார்கள். உள்ளே பேனா, சீப்பு, காசு, கரண்டி என்று பரப்பியிருக்கும். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வழி.

"இது ஒரே தடவைதாங்க வரும்" என்றாள் ரெத்னோ. இந்தத் தடவை அவள் குரலில் கெஞ்சல் இல்லை. "நீங்க வாங்கினா வாங்குங்க, வாங்காட்டி போங்க. நான் என் போன்ல எடுத்துக்கறேன்."

வர்தோயோ பயந்துபோய்ச் சங்கத்தில் முறையிட்டான். அன்று கூட்டம் நாலு மணிநேரம் நடந்தது. தெம்பே மூன்று தட்டு காலி. சிவப்பும் மஞ்சளும் கும்பிட்டுக் கும்பிட்டு மோதின. முடிவில் பாக் குந்தோரோ எழுந்தார். அவர் முகத்தில் ஒரு ஞான ஒளி வீசியது.

"நாம ஏன் முடிவெடுக்கணும்? கேமரா யாருக்கு? பிள்ளைக்கு. முடிவை அதுகிட்டயே விடுவோம். கேமராக்களைப் பஞ்சாரத்துக்குள்ள வைப்போம். அது எதைத் தொடுதோ, அதை வர்தோயோ வாங்கட்டும்."

சபை சிலிர்த்தது. சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று வைக்கலாம் என்று முதலில் பேச்சு. யாருடைய சிவப்பு, யாருடைய மஞ்சள்? விட்டுப்போனவர் மனம் என்ன பாடுபடும்? ஆகவே பதினொன்றையும் வைப்பது என்று முடிவாயிற்று. கூடவே ஒரு துணைத்தீர்மானம்: பதினொரு உயர்தர கேமராக்கள் கௌரவிக்கப்படும் நிகழ்ச்சியில் கைபேசியால் படம் எடுப்பது விருந்தினரை அவமதிப்பதாகும்.

இந்தத் தீர்மானத்தை ரெத்னோவிடம் கொண்டுசேர்க்க வர்தோயோவுக்கு இரண்டு நாள் பிடித்தது.

"அப்ப யாரு படம் எடுப்பா?" என்றாள்.

"பதினொரு பேர் வர்றாங்க ரெத்னோ! அதுவும் எப்பேர்ப்பட்டவங்க! பதினொரு பக்கத்துலேர்ந்தும் எடுப்பாங்க. உன் போனை அன்னைக்கு ஒருநாள் உள்ள வெச்சிடேன். என் மானத்தைக் காப்பாத்து."

அவள் கைபேசியைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சடங்கன்று காலையிலேயே தர்மாஜி வந்துவிட்டார். பதினொரு கேமராவையும் துடைத்து, லென்ஸுக்கு மூடி போட்டு, பிள்ளை அமுக்கிவிடக் கூடாதே என்று பேட்டரியைக் கழற்றி, வரிசை எண் ஒட்டி, கழுத்துப் பட்டைகள் தெரிய பஞ்சாரத்துக்குள் வட்டமாக அடுக்கினார். பேனாவுக்கும் சீப்புக்கும் இடமில்லாமல் போயிற்று. விருந்தாளிகளிடமும் கைபேசியை உள்ளே வைக்கும்படி ஒலிபெருக்கியில் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பணிவாகக் கேட்டால் மறுக்கத் தெரியாத ஜனங்கள். எல்லோரும் உள்ளே வைத்தார்கள்.

தமார் ஏழு நிறச் சோற்றை மிதித்தான். கரும்பு ஏணியில் தூக்கி ஏற்றினார்கள். பஞ்சாரத்தைத் தூக்கி உள்ளே உட்கார வைத்து மூடினார்கள். பதினொரு கலைஞர்களும் பஞ்சாரத்தைச் சுற்றி முட்டி போட்டார்கள்.

"ராஜா, இங்க பாரு! சிவப்புப் பட்டை!"

"தங்கம், அது வேண்டாம், அது சீக்கிரம் பழசாயிடும்! மஞ்சள் பாரு, மஞ்சள்!"

"கண்ணு, பெட்டியப் பாக்காத. லென்ஸைப் பாரு" என்று பாக் குந்தோரோ மூங்கில் இடுக்கில் மூக்கை நுழைத்தார்.

வர்தோயோ எல்லோருக்கும் முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். பிள்ளையின் வலதுகை சிவப்புப் பட்டைப் பக்கம் போனது. கை பட்டையைத் தாண்டியது. மஞ்சளா? மஞ்சளையும் தாண்டியது. மூங்கிலைப் பிடித்தது. இடதுகையும் வந்து மூங்கிலைப் பிடித்தது. ஏழாம் எண் கேமராவின் மேல் ஒரு காலை ஊன்றி, உன்னி, தமார் எழுந்து நின்றான்.

அதுவரை அவன் நின்றதே இல்லை. பிறந்து முதன்முறையாக, கால் நடுங்க, மூங்கில் இடுக்கில் முகம் தெரிய நின்று, இரண்டே இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"நின்னுட்டான்!" என்று ரெத்னோ கத்தினாள். "ஐயோ, என் பிள்ளை நின்னுட்டான்!"

"எடுங்க! எடுங்க!" என்று பாக் குந்தோரோ முழங்கினார்.

பதினொரு ஜோடிக் கைகள் பதினொரு நெஞ்சுக்குப் போயின. அங்கே ஒன்றும் தொங்கவில்லை. அடுத்த நொடி அத்தனை கைகளும் மூங்கில் இடுக்குகளுக்குள் பாய்ந்தன. தர்மாஜி, "பேட்டரி! பேட்டரி எங்க வெச்சேன்?" என்று தன் பாக்கெட்டுகளைத் தட்டிக்கொண்டு வட்டமடித்தார். நாலாபக்கமிருந்தும் கைகள் பாய்வதைக் கண்டு பிள்ளை மிரண்டு, தொப்பென்று உட்கார்ந்து, ஊரே கேட்க அழுதது. ரெத்னோ பஞ்சாரத்தைத் தள்ளிவிட்டு அவனை வாரி எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, கொஞ்சம் மறுபடி நிக்க வைங்களேன்" என்றார் தர்மாஜி. "இந்தத் தடவை வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கட்டும்."

அவள் பிள்ளையோடு வீட்டுக்குள் போனாள்.

சங்கம் அங்கேயே அவசரக் கூட்டம் போட்டது. பிள்ளை எந்தக் கேமராவையும் கையால் தொடவில்லை. காலால் மிதித்தது கணக்கில் வராது. தொட்டது மூங்கில். செங்குத்தாக, அசையாமல், தாங்கி நிற்பது. பாக் குந்தோரோவின் கண்கள் பனித்தன.

"புரியலையா உங்களுக்கு? முதல்ல வாங்க வேண்டியது கேமராவும் இல்ல, லென்ஸும் இல்ல. கேமராவைத் தாங்குற ஸ்டாண்டு!"

பதினொரு தலைகளும் ஆடின. சிவப்பு மஞ்சளைக் கட்டித் தழுவியது. சங்கத்தின் பதினான்கு ஆண்டு வரலாற்றில், முதலில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு ஒருவர்கூட மாறுபடாத முதல் தீர்மானம் நிறைவேறியது. இத்தனை பெரிய மனிதர்கள் தனக்காக ஒன்றுபட்டுவிட்டார்கள் என்ற பூரிப்பில் வர்தோயோ வீட்டுக்குள் ஓடினான்.

ரெத்னோ கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெத்னோ, முடிவாயிடுச்சு! எல்லாரும் ஒரே மனசா..."

"அவன் நின்னப்போ யாரைப் பார்த்துச் சிரிச்சான்?" என்று அவள் கேட்டாள்.

"நான்... கை எந்தப் பட்டைமேல போகுதுன்னு பார்த்துட்டு இருந்தேன்."

"உங்களைப் பார்த்துத்தான் சிரிச்சான்" என்றாள் ரெத்னோ. "படம் போனாப் போகுது. முகத்துல ரெண்டு கண்ணு இருந்துச்சே, அது எங்கங்க போச்சு?"